பாய்லருக்குப் பக்கத்து ஆணி

ஆன்டாரியோ, கனடா
12 மார்ச் 1961

அன்புள்ள முர்டோ அண்ணனுக்கு,

நானும் எஃபியும் நலம். உன் முதுகுவலியும் சிவப்புப் பசுவின் காலும் எப்படி இருக்கின்றன? இன்று ஞாயிற்றுக்கிழமை. ஓய்வுநாளில் பேனாவைத் தொட்டேன் என்று தெரிந்திருந்தால் அப்பா எனக்குச் சோறு போட்டிருக்க மாட்டார். நீயும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளாதே. கடல் தாண்டி வந்தவர்களைக் கடவுள் கொஞ்சம் கண்டுகொள்ளாமல் விடுவார் என்று நினைக்கிறேன்.

வீடு சின்னது. ஆனால் சுவரில் தட்டினால் விளக்கு எரிகிறது. எஃபி அதைப் போடுவதும் அணைப்பதுமாக இருந்ததில், என்னவோ ஏதோ என்று பக்கத்து வீட்டுக்காரி ஓடி வந்துவிட்டாள்.

ரானல்டுக்கு இங்குள்ள அணு உலையில் வேலை உறுதியாகிவிட்டது. "உங்க வீட்டுக்காரர் அங்க பரிசோதனையை முடிச்சிட்டே வரட்டும். ஆனா அவரோட கதிர்வீச்சு பேட்ஜ் ஃபிலிம் எல்லாம் சுத்தமா இருக்கணும்" என்றார் அதிகாரி. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "அந்த ஃபிலிமை ரெண்டு வருஷமா இருட்டறையில கழுவினதே நான்தான் சார். எங்க ஊர் ஜன்னல் கண்ணாடிகூட அவ்வளவு தெளிவா இருக்காது" என்றேன்.

அண்ணா, அங்கே அணு நிலையத்தில் உங்கள் இருவருக்கும் ஒரே ஷிப்ட், ஒரே உலைக் கூடம். கிறிஸ்துமஸுக்குள் அவரை முழுசாகக் கப்பலில் ஏற்றி அனுப்புவது உன் பொறுப்பு. அப்பா எப்போது வருவார் என்று எஃபி தினமும் கேட்கிறாள்.

உன் தங்கை,
டொலீனா

*

ஆக்னவேர், ஸ்காட்லாந்து
3 ஏப்ரல் 1961

அன்புள்ள டொலீனாவுக்கு,

கடிதம் கிடைத்தது. இங்கே எல்லாரும் நலம். பசு நடக்கிறது, நான் அதன் பின்னால் நடக்கிறேன். ஆட்டுக்குட்டி போடும் சமயம் பார்த்துப் பனி கொட்டியதில் ஆறு குட்டிகள் போயின.

உலையில் புதுக் கோல்களை இறக்கிவிட்டோம். எரிபொருளைப் போர்த்தியிருக்கும் உறை இந்தத் தடவை புது மாதிரி. ஒரு கோல் எவ்வளவு நாள் உள்ளே தாங்குகிறதோ அந்த அளவுக்கு மின்சாரம் மலிவு என்கிறார் நம் மேலாளர், இங்கிலீஷ்காரர் ஆர்க்ரைட். போன வாரம் எங்களை நிற்க வைத்து, "இது மட்டும் கிறிஸ்துமஸ் வரைக்கும் தாங்கிடுச்சுன்னா நிலக்கரிக்கு வேலையே இல்ல. ஒவ்வொரு குடிசையிலயும் விளக்கு எரியும்" என்றார். "சார், கம்பி எங்க உருளைக்கிழங்கு வயலுக்கு மேலதான் போகுது. கீழதான் எறங்க மாட்டேங்குது" என்றேன். அவர் சிரிக்கவில்லை. நான் இதை எழுதுவது மண்ணெண்ணெய் விளக்கில்.

வாரத்துக்கு ஒருமுறை கோல்களை மேலே தூக்கி, அளந்து, திரும்ப இறக்க வேண்டும். அந்தக் கை பழகியவர்கள் நாங்கள் நாலு பேர்தான்: நான், ரானல்ட், ஹெக்டர், ஜோர்டி. கதிர்வீச்சு பட்டுப் பேட்ஜில் உள்ள ஃபிலிம் அளவுக்கு மேல் கறுத்தால் அந்த ஆளை வருஷக் கடைசி வரைக்கும் ஸ்டோருக்கு அனுப்பிவிடுவார்கள் என்பது உனக்குத் தெரியாததா? ஒருவன் போனாலும் பரிசோதனை நின்றுவிடும். அதனால் எங்கள் பேட்ஜ்கள் வழக்கம்போல உடைமாற்றும் அறையில் டீ பாய்லருக்குப் பக்கத்து ஆணிகளில் தொங்குகின்றன. "பேட்ஜ் எங்கடா?" என்று கேட்டால் "டீ குடிக்குது" என்பான் ஜோர்டி. ஆர்க்ரைட் உள்ளே வருவதற்கு முன் கதவுக்கு வெளியே நின்று நன்றாக இருமுவார். நல்ல மனிதர். நாங்கள் மாட்டிக்கொள்ள நேரம் கொடுக்கிறார்.

ரானல்டின் ஆணிதான் பாய்லரை ஒட்டியது. அவனைவிட அவன் பேட்ஜ்தான் அதிகம் டீ குடிக்கிறது. ஆள் கொஞ்சம் இளைத்திருக்கிறான். நீ சமைத்துப் போடாத குறைதான்.

எஃபிக்கு மாமாவின் முத்தம்.

முர்டோ

*

ஆன்டாரியோ
6 மே 1961

அன்புள்ள அண்ணனுக்கு,

நலம், உன் நலம் அறிய ஆவல். எனக்கு இங்கே ஆஸ்பத்திரி எக்ஸ்ரே பிரிவில், பழைய இருட்டறை வேலையே கிடைத்திருக்கிறது. டீ குடிக்கும் பேட்ஜைப் பற்றி எஃபியிடம் சொன்னேன். "அதுக்குச் சர்க்கரை போடுவாங்களா?" என்று கேட்டாள்.

ஒன்று கேட்கிறேன், மழுப்பாமல் சொல். ரானல்டின் கடிதம் முன்பெல்லாம் நாலு பக்கம் வரும். பாதி பொய்யாக இருந்தாலும் படிக்கச் சுகமாக இருக்கும். இப்போது அரைப் பக்கம்தான் வருகிறது. கையெழுத்து சரிவில் உருளுகிறது. கோபமா, குடியா, இல்லை உடம்புக்கு ஏதாவதா? குடி என்றால் எழுது, நான் பார்த்துக்கொள்கிறேன். கோபம் என்றாலும் சமாளிப்பேன்.

உன் பதிலுக்குக் காத்திருக்கும்,
டொலீனா

*

ஆக்னவேர்
8 ஜூலை 1961

அன்புள்ள டொலீனாவுக்கு,

பதில் தாமதமானதற்கு மன்னித்துக்கொள். அடுப்பெரிக்கச் சதுப்பு நிலத்தில் கரிமண் வெட்டி அடுக்கும் வேலை இப்போதுதான் முடிந்தது. இந்த வருஷம் வெயில் இருந்ததால் நன்றாகக் காய்ந்திருக்கிறது. ஹெக்டரும் ஜோர்டியும் வந்து உதவினார்கள். ரானல்ட் வரவில்லை, அவனுக்குச் சளி.

நீ கேட்டாய். குடி இல்லை, கோபமும் இல்லை. வேலை அதிகம், அவ்வளவுதான். ஈறில் கொஞ்சம் இரத்தம் வருகிறது. பல்லைப் பிடுங்கிவிடு என்று சொன்னேன். இடித்துக்கொள்ளாமலே முழங்கை நீலமாகிவிடுகிறது என்கிறான். எதிலாவது இடித்திருப்பான், அவன் நடக்கிற நடைக்கு.

போன திங்கட்கிழமை ஒரு கோல் பாதியில் சிக்கிக்கொண்டது. மேலேயும் வரவில்லை, கீழேயும் போகவில்லை. விட்டிருந்தால் உறை கிழிந்து எல்லாம் வீணாகியிருக்கும். நான் ஏறப் போனேன். ரானல்ட் என் தோளைப் பிடித்து இழுத்து, "உனக்கு முதுகு வளையாது மச்சான், நகரு" என்று அவன் ஏறினான். சும்மா சொல்லக்கூடாது, ஒரு கீறல் இல்லாமல் எடுத்துவிட்டான். ஆர்க்ரைட் கை கொடுத்தார். மற்றபடி விசேஷம் ஒன்றுமில்லை.

சிவப்புப் பசு கன்று போட்டிருக்கிறது. நீங்கள் இருவரும் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

முர்டோ

*

ஆன்டாரியோ
24 ஜூலை 1961

அண்ணா,

இன்று உன் நலம் விசாரிக்கவில்லை.

ஹெக்டரின் மனைவி பார்பரா எழுதியிருக்கிறாள். நான் எல்லாம் அறிந்திருப்பேன் என்று நினைத்து ஆறுதல் சொல்லி எழுதியிருக்கிறாள். கம்பளியைச் சுற்றி ரானல்டை இன்வர்னெஸ் ரயிலில் ஏற்றினார்களாம். ஒரு பக்கம் நீ தாங்கிக்கொண்டு போனாயாம். உன் கடிதமும் அவள் கடிதமும் ஒரே நாளில் வந்தன. ஒன்றில் பசு கன்று போட்டிருக்கிறது. இன்னொன்றில் என் புருஷனால் நிற்க முடியவில்லை.

அடுத்த மாதம் பதினெட்டாம் தேதி கப்பல். அதற்கு முன்னால் எதுவும் கிடைக்கவில்லை. நான் வருகிறேன் என்று அவரிடம் சொல். டாக்டர் என்ன சொன்னார் என்பதை வார்த்தை மாறாமல் எனக்கு எழுது.

டொலீனா

*

ஆக்னவேர்
19 ஆகஸ்ட் 1961

அன்புள்ள டொலீனாவுக்கு,

என் தந்தியைப் பார்த்து நீ கப்பல் ஏறவில்லை என்று தெரிந்துகொண்டேன். வந்திருந்தாலும் பார்க்க ஒன்றும் இருந்திருக்காது. ரானல்ட் திங்கட்கிழமை விடியும்போது போனான். வியாழக்கிழமை அடக்கம் செய்தோம். டாக்டர் சொன்னது, இரத்தப் புற்றுநோய். ஏப்ரலிலேயே அவனுக்கும் எனக்கும் தெரியும்.

உன்னிடம் நான் பொய் சொன்னதற்குக் காரணம் அவன்தான், ஆனால் எழுதிய கை என்னுடையது. "அவகிட்டச் சொன்னா அடுத்த கப்பல்ல வந்து நிப்பா. அந்த வீடும் போயிடும், வேலையும் போயிடும். கோல் வெளிய வரட்டும் மச்சான், நானே போய்ச் சொல்லிக்கிறேன்" என்றான். கடைசி வாரத்திலும் கோல் எப்படி இருக்கிறது என்றுதான் கேட்டான். உன் பேரையும் எஃபி பேரையும் சொன்னான். அதற்கு மேல் என்னால் எழுத முடியவில்லை.

ஊரே வந்திருந்தது. நம் வழக்கப்படி பெட்டியைக் குழிக்குள் இறக்க எட்டுக் கயிறு. தலைமாட்டுக் கயிறு தகப்பனுக்கோ மகனுக்கோ உரியது. அவனுக்கு இரண்டு பேரும் இல்லாததால், எந்தக் கயிறு யாருக்கு என்று எழுதித் தரும் சீட்டில் அது என் பேருக்கு வந்தது. மழை பெய்தது. கயிறு ஈரத்தில் கனத்தது. வழுக்காமல் இறக்கிவிட்டேன்.

முர்டோ

*

ஆன்டாரியோ
10 செப்டம்பர் 1961

அன்புள்ள அண்ணனுக்கு,

எஃபிக்கு ஜுரம் வந்து தணிந்திருக்கிறது. நான் வேலைக்குப் போய்வருகிறேன். நீ சாப்பிடுகிறாயா?

ஓய்வூதியம் கேட்டு நான் எழுதியதற்கு அணு நிலையத்திலிருந்து பதில் வந்தது. ரானல்ட் சேர்ந்த நாள் முதல் அவருடைய ஃபிலிம்கள் எல்லாமே சுத்தமாக இருந்தனவாம். இந்த நோய் யாருக்கும் வரக்கூடியதாம். வேலையால் வந்தது என்று சொல்ல ஆதாரம் இல்லாததால் எனக்கும் எஃபிக்கும் ஓய்வூதியம் கிடையாதாம். அந்த ஃபிலிம்களில் பாதியைக் கழுவியது நான். தண்ணீரிலிருந்து எடுத்து விளக்குக்கு நேரே பிடித்து, என் புருஷன் எவ்வளவு பத்திரமாக இருக்கிறார் என்று பெருமைப்பட்டிருக்கிறேன். ஆணி எங்கே இருக்கிறது என்று தெரிந்துகொண்டேதான். உன் கடிதத்தைப் படித்துச் சிரித்தவளும் நான்தான்.

அடுத்த மாதம் மூன்று பேர் கொண்ட விசாரணைக் குழு உட்காரப் போகிறது. பேட்ஜ்கள் எங்கே தொங்கின என்பதை அவர்களிடம் நீ சொல்ல வேண்டும். மற்ற இருவரும் சொன்னால் நல்லது. இல்லாவிட்டால் நீ ஒருவனே போதும். எனக்காக இல்லை, பணத்துக்காகக்கூட இல்லை. அவர் அந்தக் கூடத்துக்குள் நின்றார் என்று யாராவது சொல்ல வேண்டும். அவர்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால் அவர் அங்கே வேலையே செய்யாத மாதிரி இருக்கிறது.

உன்னை நம்பியிருக்கும்,
டொலீனா

*

ஆக்னவேர்
15 அக்டோபர் 1961

அன்புள்ள டொலீனாவுக்கு,

எஃபிக்கு ஜுரம் தணிந்தது அறிந்து நிம்மதி. இங்கே புயல் அடித்துக் கோழிக்கூட்டின் கூரை போய்விட்டது. ஆட்டுச் சந்தையில் இந்த வருஷம் கூட்டமே இல்லை.

குழு வந்தது. மூன்று பேரும் மரியாதையானவர்கள். உட்காரச் சொன்னார்கள். பேட்ஜ் வைத்திருந்தீர்களா என்று கேட்டார்கள். எங்களுக்கெல்லாம் பேட்ஜ் கொடுக்கப்பட்டிருந்தது என்றேன். கேட்டதற்கு மட்டும்தான் பதில் சொன்னேன். ஹெக்டரும் ஜோர்டியும் அப்படியே. ஆர்க்ரைட் எங்களிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. கதவுக்கு வெளியே நின்று இருமினார், அவ்வளவுதான்.

கோல்கள் இதுவரை தாங்கிவிட்டன. இன்னும் இரண்டே மாதம். நாங்கள் மூன்று பேரும் போய்விட்டால் அவற்றைத் தூக்க ஆளில்லை. ரானல்ட் எதற்காக அந்தத் திங்கட்கிழமை மேலே ஏறினான் என்று நீயும் கொஞ்சம் யோசித்துப் பார்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

முர்டோ

*

ஆன்டாரியோ
26 அக்டோபர் 1961

முர்டோ,

யோசித்தேன். அவர் ஏறியது கோலுக்காக இல்லை. நீ ஏறப் போனாய் என்பதற்காக.

அவர் தலைமாட்டுக் கயிறு உன் கையில் இருந்தது. ஊருக்கு முன்னால் அதை வழுக்காமல் பிடித்தாய். மூன்று நாற்காலிகளுக்கு முன்னால் விட்டுவிட்டாய்.

இனி எனக்குக் கோழிக்கூட்டைப் பற்றி எழுதாதே.

டொலீனா

*

ஆக்னவேர்
3 டிசம்பர் 1961

அன்புள்ள தங்கை டொலீனாவுக்கு,

இன்று ஞாயிற்றுக்கிழமை. எழுதக்கூடாது என்று தெரியும். எழுதுகிறேன். நீங்கள் இருவரும் நலமாக இருக்க வேண்டும்.

உன் கடிதத்தை ஒரு வாரம் சட்டைப் பையிலேயே வைத்திருந்தேன். அந்த மூன்று பேருக்கு முன்னால் திறக்காத வாய் இனிமேலும் திறக்காது என்று எனக்குத் தெரிந்துவிட்டது. அதனால் ஒரு திங்கட்கிழமை காலை ஆணியிலிருந்து என் பேட்ஜை எடுத்து நெஞ்சில் குத்திக்கொண்டேன். "என்ன முர்டோ, இன்னைக்கு டீ குடிக்கலையா அது?" என்றான் ஜோர்டி. "குடிச்சது போதும்டா" என்றேன். அந்த வாரம் முழுக்க ரானல்ட் நிற்கும் இடத்தில் நின்று, அவன் செய்யும் வேலையைச் செய்தேன்.

உன் இடத்துக்கு வந்திருக்கும் பெண் இருட்டறையிலிருந்து ஓடியே வந்தாள். "அண்ணே, இது முழுக்கக் கறுப்பா இருக்கு. நீங்க எங்க போனீங்க?" என்றாள். "எங்கயும் போகலம்மா, வேலைக்குத்தான் போனேன்" என்றேன்.

அன்றே என்னை ஸ்டோருக்கு மாற்றிவிட்டார்கள். ஹெக்டரும் ஜோர்டியும் இரண்டு பேராகத் தூக்க முடியாதென்று கையை விரித்துவிட்டார்கள். பரிசோதனை கிறிஸ்துமஸுக்கு முன்னாலேயே நின்றுவிட்டது. இவ்வளவு செய்தும் பயன் இல்லை. என் கறுத்த ஃபிலிமைப் பற்றிக் குழுவிலிருந்து எழுதிவிட்டார்கள். உடைமாற்றும் அறையில் டீ பாய்லருக்கு அருகே தொங்கவிட்டதால் ஆவி பட்டு என் ஃபிலிம் கெட்டுவிட்டதாம். பேட்ஜை ஆணியில் மாட்டியதற்காக என்னைக் கண்டித்தும் ஒரு வரி இருக்கிறது. சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை.

ஆணிகளைப் பிடுங்கச் சொல்லி உத்தரவு. நான்தான் பிடுங்கினேன். ரானல்டின் பேட்ஜ் இன்னும் பாய்லரை ஒட்டியே தொங்கிக்கொண்டிருந்தது. கோல் சிக்கிய அன்று கழற்றி மாட்டியது. அடுத்த நாளே அவன் படுத்துவிட்டதால் யாரும் அதைக் கழுவ எடுத்துப் போகவில்லை. செத்தவனுடையதைத் தொட ஹெக்டருக்கும் ஜோர்டிக்கும் மனசு வரவில்லை. அவனுடையது என்று உனக்கு அனுப்ப வேறெதுவும் என்னிடம் இல்லை. இத்துடன் வைத்திருக்கிறேன்.

உன் அண்ணன்,
முர்டோ

*

ஆன்டாரியோ
7 ஜனவரி 1962

அன்புள்ள அண்ணனுக்கு,

நானும் எஃபியும் நலம். பேட்ஜ் வந்து சேர்ந்தது. நான் அதைத் திறக்காமல் இரண்டு இரவு தலையணைக்கடியில் வைத்திருந்தேன். பிறகு உன் கடிதத்தை மறுபடி படித்தேன். ஆவி என்ற இடத்தில் நின்றுவிட்டேன்.

உன் பேட்ஜ் பாய்லருக்குப் பக்கத்தில் தொங்கியதால் கெட்டது என்கிறார்கள். ரானல்டுடையது ஜூலையிலிருந்து டிசம்பர் வரை, இரவும் பகலும் அந்த பாய்லரை ஒட்டியே தொங்கியிருக்கிறது. இந்த உலகத்தில் அதைவிட அதிகம் ஆவி குடித்த ஃபிலிம் கிடையாது. ஆஸ்பத்திரி இருட்டறையில் என் மேலதிகாரியைப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டு கழுவினேன். அது கறுத்திருக்கக்கூடாது என்று வேண்டினேன். முன்பு அவர் ஃபிலிமைக் கழுவும்போதும் இதைத்தான் வேண்டினேன், வேறு காரணத்துக்காக.

ஃபிலிம் சுத்தமாக இருக்கிறது, அண்ணா. ஒரு புள்ளி இல்லை. ஆவி ஒன்றும் செய்யவில்லை. அப்படியானால் உன் ஃபிலிமைக் கறுப்பாக்கியது அந்தக் கூடம்தான். அந்தக் கூடத்தில் கோல் சிக்கிய அன்று ரானல்ட் மேலே நின்றதை ஆர்க்ரைட்டே கை கொடுத்துப் பாராட்டியிருக்கிறார். அவர் பேட்ஜ் அன்று எங்கே இருந்தது என்பதை இனி யாரும் வாய் திறந்து சொல்ல வேண்டியதில்லை. மேலதிகாரியின் கையெழுத்துடன் நகல் ஒன்றைக் குழுவுக்கு அனுப்பிவிட்டேன். அவர்கள் என்ன செய்வார்கள் என்று தெரியாது. இன்னொரு காரணம் கண்டுபிடித்தாலும் பிடிப்பார்கள். நானும் விடப் போவதில்லை.

ஃபிலிமை நானே வைத்துக்கொண்டேன். எஃபி அதை ஜன்னலில் பிடித்துப் பார்த்தாள். "இது அப்பா போட்டோவா?"

"ஆமா."

"இதுல யாருமே இல்லையேம்மா."

அவளை மடியில் தூக்கி வைத்துக்கொண்டு அழுதேன். ஆகஸ்டிலிருந்து அன்றுவரை எனக்கு அழுகை வரவில்லை.

போன தடவை நான் எழுதியது அதிகம். உன்னைக் கீழே நிறுத்திவிட்டு அவர் ஏறினார். நீ அதே இடத்தில் ஒரு வாரம் நின்றிருக்கிறாய். அதை நினைத்தால் எனக்குத் தூக்கம் வருவதில்லை. உன் இரத்தத்தைச் சோதித்திருப்பார்கள். அதைப் பற்றி உன் கடிதத்தில் ஒரு வரிகூட இல்லை. உன்னை எனக்குத் தெரியும்.

நலமா, அண்ணா? இத்தனை நாளாகக் கடிதத்துக்குக் கடிதம் இதைச் சும்மா எழுதி வந்திருக்கிறேன். இப்போது கேட்கிறேன். பதில் எழுது.

உன் தங்கை,
டொலீனா